நியூ லனார்க்கின் நீண்ட கணக்கு

1813-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் கிளாஸ்கோ நகரில் ஒரு நூற்பாலை ஏலத்துக்கு வந்தது. ஸ்காட்லாந்தின் கிளைடு ஆறு அருவிகளாக விழுந்து இறங்கும் பள்ளத்தாக்கில் இருந்த நியூ லனார்க் ஆலைதான் அது. அதை நிர்வகித்துவந்த பங்குதாரர் ராபர்ட் ஓவனுக்கும் மற்றப் பங்குதாரர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், குடியிருப்புக்குச் சீர்திருத்தம் என்று மனிதர் பணத்தை இறைக்கிறார், இவர் கையில் விட்டால் ஆலை மூழ்கிவிடும் என்பது அவர்கள் கட்சி. ஏலத்துக்கு முன்னால், இந்த ஆலை 40,000 பவுன் போனாலே பெரிது என்ற பேச்சையும் பரப்பியிருந்தார்கள். ஏலம் தொடங்கியதும் அதே ஆட்கள் விடாமல் விலையை ஏற்றினார்கள். 1,14,000 பவுன் வரை வந்துதான் நின்றார்கள். அதற்கு மேல் 100 பவுன் கேட்டுப் புதிய கூட்டாளிகளோடு ஓவன் ஆலையைத் தக்கவைத்துக்கொண்டார். பிறகு பழைய கணக்கை முடித்துப் பார்த்தபோது, பழைய கூட்டு நீடித்த நான்கு ஆண்டுகளில் முதலுக்கு 5 விழுக்காடு வட்டி போக 1,60,000 பவுன் லாபம் நின்றதாக ஓவன் எழுதுகிறார். ஓவன் தம்மைப் பற்றித் தாமே எழுதியதை எல்லாம் ஒதுக்கிவைத்தாலும், அவரைக் கெட்டிக்காரத்தனம் இல்லாத கனவுக்காரர் என்று ஏசியவர்கள் ஏலத்தில் கேட்ட விலை ஒரு சாட்சியம். வாயால் சொன்னதைவிடப் பையைத் திறந்து சொன்னதை நம்பலாம்.

மகிழ்ச்சியாக இருப்பவர் நன்றாக வேலை செய்வார், மகிழ்ச்சியாக இருக்கும் பிள்ளை நன்றாகப் படிக்கும் என்பதை இன்று ஆய்வாளர்கள் எண்களால் காட்டுகிறார்கள். பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனத்தின் தொலைபேசி விற்பனையாளர்களை ஆறு மாதம் வாராவாரம் விசாரித்த ஓர் ஆய்வு, மனம் நன்றாக இருந்த வாரங்களில் அவர்கள் விற்பனை சுமார் 13 விழுக்காடு கூடியிருந்ததாகக் கண்டது. வேலை நேரம் கூடவில்லை. அதே நேரத்தில் கூடுதல் அழைப்புகளை முடித்தார்கள், பேசியவர்களில் கூடுதலானோரை வாங்க வைத்தார்கள். இத்தகைய ஆய்வுகளில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வாரக்கணக்கு, மாதக்கணக்கு பார்க்கும் ஆய்வு ஒரு கேள்வியைத் தொடுவதே இல்லை. இது இவ்வளவு தெளிவான உண்மை என்றால், லாபத்தையே மூச்சாகக் கொண்ட முதலாளிகள் இதை ஏன் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கைக்கொள்ளவில்லை? நியூ லனார்க்கின் வரலாறு இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. வேலைத்தலமும் வகுப்பறையும் ஒரே நிர்வாகத்தின் கீழ், ஒரே ஊருக்குள், இருபத்தைந்து ஆண்டுகள் அங்கே இருந்தன. இரண்டுக்கும் உள்ள தொடர்பை அவ்வளவு நெருக்கமாகப் பார்க்க வேறு இடம் கிடைப்பது அரிது.

ஆலையைத் தொடங்கியவர் டேவிட் டேல் என்ற கிளாஸ்கோ வணிகர். 1780-களின் நடுவில், நூற்பு இயந்திரத்தால் பெயர் பெற்ற ரிச்சர்ட் ஆர்க்ரைட்டோடு சேர்ந்து ஆற்று நீரின் விசைக்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தார். நீர் இருந்தது, ஆள் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் குடிவந்து ஆலைக்குள் அடைபட ஊர்க்காரர்கள் விரும்பவில்லை. எனவே எடின்பரோ, கிளாஸ்கோ அனாதை விடுதிகளிலிருந்து ஏறக்குறைய 500 குழந்தைகளைக் கொண்டுவந்து தங்கவைத்து வேலை வாங்கினார். அந்தக் காலத்து ஆலை முதலாளிகளோடு ஒப்பிட்டால் டேல் நல்ல மனிதர். இதை ஓவனும் மறுக்கவில்லை. பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடு, சுத்தமான படுக்கை, உடை, மருத்துவர், படிப்புக்கு ஆசிரியர்கள் எல்லாம் இருந்தன. காலை ஆறு மணிக்கு ஆலைக்குள் போகும் பிள்ளை மாலை ஏழு மணிக்கு வெளியே வரும். அதன் பிறகுதான் பள்ளிக்கூடம். அறுந்த இழைகளைப் பகலெல்லாம் நின்றபடி ஒட்டிக்கொண்டிருந்த ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு இரவில் என்ன ஏறும்? படிப்பை அந்தப் பிள்ளைகள் வெறுத்தார்கள், பலர் உடலும் மனமும் வளராமல் போனார்கள், ஓடிப்போவதற்கு நாள் பார்த்தார்கள் என்று ஓவன் பின்னாளில் எழுதினார். கருணைக்குக் குறைவில்லாத ஓர் இடத்திலேயே கல்வி தோற்றது. ஆசிரியரும் புத்தகமும் இருந்து, பிள்ளையிடம் தெம்பு இல்லை என்றால் எதுவும் நடக்காது என்பதை டேலின் செலவுக் கணக்கே காட்டிவிட்டது.

1800 ஜனவரி முதல் தேதி ஓவன் நிர்வாகத்தை ஏற்றபோது அவருக்கு வயது 28. வேல்ஸில் பிறந்து, மான்செஸ்டரில் பெரிய ஆலை ஒன்றை நடத்திப் பழகி, டேலின் மகளை மணந்து, மாமனாரிடமிருந்து கூட்டாளிகளோடு 60,000 பவுனுக்கு ஆலையை வாங்கியிருந்தார். தவணை இருபது ஆண்டு. வந்ததும் அனாதைக் குழந்தைகளை எடுப்பதை நிறுத்தினார். பத்து வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்குச் சேர்ப்பதையும் படிப்படியாகக் கைவிட்டார். தொழிலாளர்கள் இதற்கெல்லாம் மயங்கிவிடவில்லை. வேற்று நாட்டான், பேச்சும் வேறு, வந்ததும் ஒழுங்கு பேசுகிறான் என்று ஒதுங்கியே நின்றார்கள். ஆலைப் பொருள் திருட்டுப் போவதும் குடித்துவிட்டு வேலைக்கு வராமல் இருப்பதும் தொடர்ந்தன. ஆறேழு ஆண்டுகள் இப்படியே இழுபறியாகப் போயிற்று. நல்லெண்ணம் உள்ள முதலாளி வந்த உடனே ஆலை பொலிந்தது என்று எழுதுவது எளிது. நியூ லனார்க்கில் அப்படி நடக்கவில்லை.

திருப்பம் அமெரிக்காவிலிருந்து வந்தது. பிரிட்டனோடு ஏற்பட்ட தகராறில் அமெரிக்கா பஞ்சு ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. (முதுமையில் எழுதிய தன்வரலாற்றில் ஓவன் இதை 1806 என்கிறார். தடைச் சட்டம் கையெழுத்தானது 1807 டிசம்பரில்.) பஞ்சு விலை தாறுமாறாக ஏறியது. மற்ற ஆலைகள் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தின. ஓவனும் இயந்திரங்களை நிறுத்தினார். ஆனால் ஆட்களை நிறுத்தவில்லை. இயந்திரங்களைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, நான்கு மாதம் முழுக் கூலியையும் ஒரு பென்னிகூடப் பிடித்தம் இல்லாமல் கொடுத்தார். செலவு 7,000 பவுனுக்கு மேல். அதன் பிறகு ஊர் அவர் பக்கம் வந்துவிட்டது. இந்த நான்கு மாதக் கூலியைத் தருமம் என்று சொல்வாரும் உண்டு, தந்திரம் என்று சொல்வாரும் உண்டு. என் பார்வையில், தொழிலாளிக்கு அதில் கிடைத்த முதன்மையான பொருள் பணம்கூட இல்லை. நாளைக்கு அடுப்பு எரியுமா என்ற பயம் அவர் தலையிலிருந்து இறங்கியது. பயத்தில் இருப்பவன் ஒரு கண்ணை வேலையிலும் ஒரு கண்ணை மேஸ்திரியிலும் வைத்திருப்பான். இழை அறுந்தால் மறைப்பான், பழுதைச் சொல்லமாட்டான், கிடைத்ததைச் சுருட்டிவைத்துக்கொள்வான். பயம் போன இடத்தில் அவனுடைய இரண்டு கண்ணும் வேலைக்குக் கிடைக்கின்றன. ஆலையில் மகிழ்ச்சி என்ற சொல்லுக்கு முதல் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன்: சிரிப்பும் கொண்டாட்டமும் பிறகு வருபவை.

இந்த இடத்தில் ஓவனின் மௌனக் கண்காணி பற்றிப் பேசாமல் போக முடியாது. ஒவ்வொரு தொழிலாளியின் இடத்துக்கு அருகிலும் விரல் நீள மரக்கட்டை ஒன்று தொங்கும். அதன் நான்கு பக்கத்துக்கும் நான்கு நிறம்: கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை. முந்தைய நாள் நடத்தை மோசம் என்றால் மேஸ்திரி கறுப்பைத் திருப்பிவைப்பார், சுமார் என்றால் நீலம், நன்று என்றால் மஞ்சள், மிக நன்று என்றால் வெள்ளை. ஒவ்வொரு நாளின் நிறமும் ஒரு பதிவேட்டில் ஏறும். திட்டு கிடையாது, அடி கிடையாது. ஓவன் ஆலைக்குள் நடந்துபோகும்போது கட்டையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுவார். முதலில் எங்கும் கறுப்பாக இருந்தது, ஆண்டுகள் போகப்போக நீலமும் மஞ்சளும் பெருகி வெள்ளையும் தென்பட்டது என்று அவர் பெருமைப்படுகிறார். இன்றைய வாசகருக்கு இதைக் கேட்டதும் உடல் கூசும். நிறக்கட்டையைக் கழுத்தில் கட்டாத குறையாக மனிதனை நாள் முழுக்க எடைபோடுவதா மகிழ்ச்சி? நியாயமான கேள்வி. 1819-இல் நியூ லனார்க்கைப் பார்க்க வந்த கவிஞர் ராபர்ட் சதி இதைவிடக் கடுமையாகவே சொன்னார். ஓவன் நல்ல மனிதர்தான், ஆனால் தம் ஆட்களை மனித இயந்திரங்களாக நடத்துகிறார், இந்த ஊருக்கும் அடிமைத் தோட்டத்துக்கும் வேறுபாடு புறத்தோற்றத்தில்தான், சாரத்தில் இல்லை என்று தம் பயணக் குறிப்பில் எழுதிவைத்தார்.

சதியின் குற்றச்சாட்டில் பாதி உண்மை. இரவில் வெளியே நடமாடக் கட்டுப்பாடு, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வரும் குழு, குடித்துத் திரிந்தால் அபராதம் எல்லாம் நியூ லனார்க்கில் இருந்தன. ஓவனே, இரும்பு இயந்திரத்தைத் துடைத்துப் பேணினால் லாபம் என்று தெரிந்த நீங்கள் உயிருள்ள இயந்திரத்தைப் பேண மறுப்பது ஏன் என்று மற்ற ஆலை முதலாளிகளைக் கேட்டவர். அந்த உவமையில் மனிதனும் ஒரு கருவியாகவே நிற்கிறான். ஆனால் சதி பார்க்காமல் விட்ட ஒன்று உண்டு. மேஸ்திரி திருப்பிய நிறம் தவறு என்று எந்தத் தொழிலாளியும் நேரே ஓவனிடம் முறையிடலாம். மற்ற ஆலைகளில் மேஸ்திரியின் வாரடிக்கும் கூலிப் பிடித்தத்துக்கும் மேல்முறையீடு ஏது? கட்டையின் நிறம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், பதிவேட்டில் நிற்கும், எனவே மேஸ்திரியும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவராகிறார். தொழிலாளி சுதந்திரமானவர் ஆகிவிட்டார் என்று யாரும் சொல்ல வேண்டாம். மேஸ்திரியின் மனநிலைக்கேற்ப விழும் அடியிலிருந்து தப்பினார், அவ்வளவுதான். அந்த அளவு விடுதலைக்கே உற்பத்தி ஏறியது என்பதுதான் கவனிக்கத்தக்கது. முழுச் சுதந்திரம் கொடுத்திருந்தால் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதை ஓவன் சோதித்துப் பார்க்கவில்லை. அவருக்கு அந்தத் துணிச்சல் வந்ததும் இல்லை.

வேலை நேரக் கணக்குக்கு வருவோம். 1816-இல் ஆலைக் குழந்தைகளின் நிலை பற்றி விசாரித்த நாடாளுமன்றக் குழுமுன் ஓவன் சாட்சியம் அளித்தார். நியூ லனார்க்கில் அதுவரை ஒரு நாள் வேலை 11¾ மணி நேரமாக இருந்தது. அப்போது ஆலை முடிந்து இரவுப் பள்ளிக்கு வந்தவர்கள் சராசரியாக நூற்றுக்கும் சற்றுக் குறைவு. அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து வேலை 10¾ மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. ஜனவரியில் இரவுப் பள்ளிக்கு வந்தவர்களின் சராசரி 380, பிப்ரவரியில் 386, மார்ச்சில் 396. ஒரு மணி நேரம்தான் குறைந்தது, கூட்டம் ஏறக்குறைய நான்கு மடங்கானது. புதிய பள்ளிக் கட்டடம் அதே ஜனவரியில் திறந்ததால் அந்தப் புதுமைக்காக வந்தவர்களும் இதில் இருப்பார்கள் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம், ஏற்கத்தக்க ஆட்சேபம்தான். ஆனால் புதுமை ஒரு மாதத்தில் தேய்ந்துபோகும். இங்கே மூன்று மாதமும் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் போயிற்று. நேரத்தைக் குறைத்தால் தொழிலாளிகள் சாராயக் கடையில்தான் கிடப்பார்கள் என்று அந்தக் குழுமுன் வாதாடிய முதலாளிகளுக்கு இதைவிடப் பச்சையான மறுப்பு வேண்டியதில்லை.

இதற்கு எதிராக ஒரு பெரிய பெயரைச் சொல்வார்கள். அதே கிளைடு ஆற்றின் கீழ்ப்போக்கில் பிளான்டைர் என்ற இடத்தில் இன்னொரு பஞ்சாலை. 1823-இல் பத்து வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தான் டேவிட் லிவிங்ஸ்டன் என்ற பையன். காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை ஆலை, எட்டிலிருந்து பத்து வரை ஆலை நடத்திய இரவுப் பள்ளி. நூற்பு இயந்திரத்தின் மேலேயே புத்தகத்தை விரித்துவைத்து, நடந்து வரும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி படித்தவன். மருத்துவரும் ஆப்பிரிக்கப் பயணியுமாகப் புகழ் பெற்றவர் அவரேதான். கஷ்டம்தான் மனிதனை உருவாக்கும், சொகுசு கெடுக்கும் என்பவர்களுக்கு இந்தக் கதை கரும்பு. கதை உண்மையும்கூட. ஆனால் லிவிங்ஸ்டன் ஏன் நினைவில் நிற்கிறார் என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். அதே ஆலையில் அவர் அருகில் நின்று இழை ஒட்டிய மற்றப் பிள்ளைகளின் பெயர்கள் நமக்குத் தெரியாது. ஒரு கல்வி முறையை அதிலிருந்து தப்பித்து மேலே வந்த ஒருவரை வைத்து அளப்பது, புயலில் நின்ற ஒற்றைப் பனையைக் காட்டித் தோப்பு நலம் என்பது போல. இரவுப் பள்ளிக்கு நூறு பேர் வந்தார்களா, நானூறு பேர் வந்தார்களா என்பதுதான் முறையின் அளவுகோல்.

பிள்ளைகளின் பள்ளிக்கு வருவதற்கு முன் சென்னை எழும்பூர் வழியாக ஒரு சுற்றுப் போக வேண்டும். 1789-இல் அங்கே ராணுவ அனாதைச் சிறுவர் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் விடுதி ஆசிரியர்களிடம் சொன்னார், அவர்கள் ஏற்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனை உட்காரவைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுதப் பழக்கச் சொன்னார். அது பலித்தது. பிள்ளை பிள்ளைக்குக் கற்பிக்கும் அந்த ஏற்பாட்டைப் பற்றி 1797-இல் லண்டனில் நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. நம் திண்ணைப் பள்ளியிலிருந்து மணலை எடுத்துக்கொண்ட பெல், பிரம்பையும் கோதண்டத் தண்டனையையும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அடிக்குப் பதில் பிள்ளைகளே கூடித் தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தை அவர் விரும்பினார். அதே போன்ற முறையை லண்டனில் நடத்திய ஜோசப் லங்காஸ்டரோ, அடிப்பதில்லை என்று பெருமை பேசிக்கொண்டே, தவறு செய்த பையன் கழுத்தில் மரக்கட்டை மாட்டுவது, கூடையில் வைத்துக் கூரையில் தொங்கவிடுவது என்று புதிய அவமானங்களைக் கண்டுபிடித்தவர். ஓவன் இருவருக்கும் பணம் கொடுத்திருக்கிறார். லங்காஸ்டருக்கு 1,000 பவுன். பெல்லின் சங்கத்தாரிடம், எல்லாச் சபைப் பிள்ளைகளையும் சேர்த்தால் 1,000, தங்கள் சபைக்கு மட்டும் என்றால் 500 என்றாராம். இரண்டு நாள் விவாதித்துவிட்டு அவர்கள் 500-ஐ எடுத்துக்கொண்டார்கள் என்று சற்றுக் குறும்போடு எழுதுகிறார். ஆனால் தம் சொந்த ஊரில் பள்ளி வைத்தபோது இந்த இரண்டு முறையையும் தாண்டிப் போனார்.

1816 ஜனவரி முதல் தேதி நியூ லனார்க்கில் திறந்த கட்டடத்துக்கு 'நற்பண்பு உருவாக்கும் நிலையம்' என்ற கனமான பெயர் வைத்தார். உள்ளே நடந்ததோ கனமில்லாதது. நடக்கத் தெரிந்த குழந்தையிலிருந்து சேர்த்துக்கொண்டார்கள். ஆசிரியர்களைத் தேடியபோது, படித்தவர்களை எல்லாம் விட்டுவிட்டு, எழுதப் படிக்கத் திணறும் ஜேம்ஸ் புக்கானன் என்ற நெசவாளியையும், மோலி யங் என்ற பதினேழு வயது ஆலைப் பெண்ணையும் தேர்ந்தார். காரணம், இருவருக்கும் குழந்தைகளிடம் இருந்த ஆசையும் அலுக்காத பொறுமையும். அவர்களுக்கு அவர் சொன்ன கட்டளைகள் சில: எந்தக் காரணத்துக்கும் குழந்தையை அடிக்கக் கூடாது, சொல்லாலும் சைகையாலும் மிரட்டக் கூடாது, எப்போதும் அன்பான குரலில் பேச வேண்டும், உடன் இருக்கும் பிள்ளைகளை மகிழ்ச்சியாக வைத்திருப்பதே உன் வேலை என்று ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்லிவர வேண்டும். சிறு குழந்தைகளைப் புத்தகத்தால் வதைக்கக் கூடாது என்பதும் அதில் அடக்கம். கல், இலை, விலங்குப் படம், சுவரில் பெரிய வரைபடம் இவைதான் பாடம். குழந்தை கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கேட்கும் வரை பொறுக்க வேண்டும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குப் பாட்டும் நடனமும் உண்டு. பத்து வயது வரை பகல் பள்ளி. பெற்றோர் கொடுத்தது மாதம் 3 பென்ஸ், உண்மையான செலவில் அது ஒரு துளி. மீதியில் ஒரு பங்கை ஆலைக் கடையின் லாபம் தாங்கியது.

படிப்பு வந்ததா? நகரங்களையும் ஆறுகளையும் எழுத்தில்லாத வரைபடத்தில் ஒரு பிள்ளை கோலால் காட்ட, மற்றொரு பிள்ளை பெயர் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கோல் கைமாறும் என்று ஒரு விளையாட்டு. உலகைச் சுற்றிவந்த கடற்படைத் தளபதி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ஆறு வயது நிரம்பாத இந்தப் பிள்ளைகள் சொல்லும் பல விடைகள் தமக்கே தெரியாது என்றாராம். ஓவன் சொல்லும் கதை. உப்புப் போட்டுத்தான் விழுங்க வேண்டும். ஆனால் பத்தாண்டுகளில் அந்த ஊரைப் பார்க்க வந்தவர்கள் ஏறக்குறைய 20,000 பேர். பிற்காலத்தில் ரஷ்யச் சக்கரவர்த்தியான நிக்கலஸும் அவர்களில் ஒருவர். கருத்து வேறுபாடு உள்ளவர்கள், ஓவனின் மதக் கொள்கையை வெறுத்தவர்கள் உட்பட, பிள்ளைகளின் முகத்தெளிவையும் தயங்காமல் பேசும் பழக்கத்தையும் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். பயமில்லாத பிள்ளை தவறான விடையைச் சொல்லத் தயங்காது. தவறான விடை வெளியே வந்தால்தான் ஆசிரியர் திருத்த முடியும். பிரம்புக்கு அஞ்சி வாய்மூடிய பிள்ளையின் அறியாமை வாய்க்குள்ளேயே தங்கிவிடுகிறது. அடியின் பெரிய நட்டம் இதுதான். வலி அதற்கு அடுத்தது.

இப்போது வலுவான ஆட்சேபத்துக்கு வருகிறேன். ஆலை லாபம் ஈட்டியதற்கும் மகிழ்ச்சிக்கும் என்ன தொடர்பு? காசு கொடுக்காமல் கிடைத்த அருவி, அப்போது உலகமே கேட்ட பிரிட்டிஷ் நூல், மெல்லிய நூல் நூற்பதில் ஓவனுக்கே இருந்த கைத்தேர்ச்சி இவை போதாதா? போதும் என்றே பலர் சொல்வார்கள். இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: அந்த ஆலைக்கு வந்த அமெரிக்கப் பஞ்சு அடிமைகள் பறித்தது. நியூ லனார்க் குழந்தை நடனம் ஆடிய கூடத்தின் செலவில் ஒரு பகுதி கடலுக்கு அப்பால் யாரோ ஒருவர் முதுகில் விழுந்தது. ஓவனின் ஊரை இன்பபுரியாக எழுதுபவர்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள். எனவே மகிழ்ச்சி மட்டும்தான் லாபத்தைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லமாட்டேன். சொல்லக்கூடியது இவ்வளவு: வேலை நேரம் குறைந்தும், சின்னக் குழந்தைகளின் மலிவு உழைப்பு போயும், பள்ளிக்குச் செலவு கூடியும், நான்கு மாதம் வேலை இல்லாமல் கூலி கொடுத்தும் லாபம் குறையவில்லை. இவை ஒவ்வொன்றும் ஆலையை அழிக்கும் என்று அன்றைய பொருளாதார ஞானம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் செலவை எல்லாம் ஏதோ ஒன்று ஈடுகட்டியிருக்க வேண்டும். கூலி உயர்வு அதற்குக் காரணமாக இருக்க முடியாது. நியூ லனார்க்கின் கூலி மற்ற இடங்களைவிட உயர்ந்தது இல்லை. திருட்டு குறைந்தது, சேதாரம் குறைந்தது, ஆட்கள் நின்று நிலைத்து வேலை கற்றார்கள் என்பதே எஞ்சும் விளக்கம்.

அப்படியானால் பார்க்க வந்த 20,000 பேரில் ஆலை முதலாளிகள் ஏன் போய் அதையே செய்யவில்லை? அவர்கள் முட்டாள்கள் என்றும் கல்நெஞ்சர்கள் என்றும் ஓவன் நினைத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மான்செஸ்டரிலும் கிளாஸ்கோவிலும் நீராவி ஆலை வைத்தவருக்குக் காலையில் வாசலைத் திறந்தால் ஆள் நிற்கும். ஒருவர் நோயில் விழுந்தால் அடுத்தவர் வருவார். இன்று ஒரு குழந்தையை வேலைக்கு எடுக்காமல் பள்ளிக்கு அனுப்பினால், பத்தாண்டு கழித்து அந்தக் கெட்டிக்காரத் தொழிலாளி பக்கத்து ஆலையில் இருப்பார். மகிழ்ச்சிக்குச் செலவு செய்பவர் ஒருவர், பலனை அறுப்பவர் இன்னொருவர். நியூ லனார்க்கில் அது நடக்காது. பள்ளத்தாக்கில் 2,000 பேர். வேறு ஆலை அருகில் இல்லை. மூன்று வயதில் பள்ளிக்கு வந்த குழந்தைதான் பத்து வயது தாண்டியதும் ஆலைக்கு வரப்போகிறது. ஓவன் போட்டது நீண்ட கணக்கு, அவருக்கு அந்தக் கணக்குப் போடும் இடம் வாய்த்திருந்தது. ஸ்காட்லாந்தில் கேட்ரின், டீன்ஸ்டன் போன்ற மற்ற ஆற்றங்கரை ஆலைகளும் வீடு, பள்ளி என்று கட்டின என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இது ஓவன் என்ற தனிமனிதரின் பெருந்தன்மை மட்டும் இல்லை என்பது விளங்கும். ஆளைத் தக்கவைக்க வேண்டிய இடத்தில் முதலாளிகள் ஆளின் நலத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆள் மலிந்த இடத்தில் அந்தக் கண்டுபிடிப்பு நிகழவே இல்லை.

லாபத்தைக் காட்டி மகிழ்ச்சியை நியாயப்படுத்துவதில் உள்ள பலவீனமும் அதே ஊரில்தான் வெளிப்பட்டது. 1813 ஏலத்துக்குப் பின் வந்த கூட்டாளிகள் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம், குவேக்கர் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த வணிகர் வில்லியம் ஆலன் போன்றோர். முதலுக்கு 5 விழுக்காடு போதும், மீதி ஊர் நலத்துக்கு என்று ஒப்புக்கொண்டவர்கள். பேராசைக்காரர்கள் இல்லை. ஆனால் ஆலனுக்குப் பிள்ளைகள் நடனம் ஆடுவதும், பையன்கள் முழங்கால் தெரிய உடுப்பதும், பள்ளியில் வேதபாடம் குறைவதும் பொறுக்கவில்லை. ஆலை நன்றாக ஓடியது, பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள் என்ற வாதம் அவரிடம் எடுபடவில்லை. அவருடைய கவலை ஆன்மாவைப் பற்றியது. 1824-இல் ஓர் ஒப்பந்தம் திணிக்கப்பட்டது. நடனம் கற்பிப்பது நின்றது, ஆறு வயதுக்கு மேற்பட்ட பையன்களுக்குக் கால்சட்டை கட்டாயமானது. ஓவன் மனம் விட்டுப்போய் அமெரிக்காவில் புதிய ஊர் காணக் கிளம்பினார்; இண்டியானாவில் அவர் வாங்கிய நியூ ஹார்மனி இரண்டே ஆண்டில் சிதறியது. அதற்கு முன்பே புக்கானன் லண்டனுக்குப் போய் வெஸ்ட்மின்ஸ்டரில் இதே மாதிரி ஒரு குழந்தைப் பள்ளி தொடங்கியிருந்தார். ஒருநாள் சொல்லாமல் அங்கே போன ஓவன், புக்கானனின் மனைவி கையில் சவுக்கோடு நிற்பதைக் கண்டதாக எழுதுகிறார். தம் முறையைப் பிறர் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்வதில் அவருக்கு ஒரு சுகம் உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனாலும் நடக்கக்கூடியதுதான். லண்டன் கொடையாளர்களுக்குக் கட்டடமும் வரைபடமும் படங்களும் தெரிந்தன. குழந்தை எப்போது கேட்கும் என்று பொறுத்திருக்கும் நேரம் செலவுப் பட்டியலில் ஏறாத பொருள்.

தனி முதலாளியின் நல்லறிவை நம்பி இதை விட முடியாது என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது. ஓவனே 1815-இலிருந்து சட்டம் கேட்டு அலைந்தார். 1819-இல் வந்த சட்டம் ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்களைப் பஞ்சாலையில் சேர்க்கக் கூடாது, பதினாறு வரை ஒரு நாளுக்கு 12 மணி நேரம் என்றது. பார்வையிட ஆள் போடவில்லை, எனவே பயனும் அற்பம். ஓவன் அதைத் தம் சட்டம் என்று ஏற்கவே மறுத்தார். 1833 சட்டத்தில்தான் ஆய்வாளர்கள் வந்தார்கள். ஆலைக் குழந்தைக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் பள்ளி என்பதும் அதில்தான் நுழைந்தது. இனி எல்லா முதலாளியும் ஒரே நேரத்தில் ஒரே செலவைச் செய்தாக வேண்டும் என்பதால், பக்கத்து ஆலைக்காரன் பலனை அறுப்பான் என்ற சாக்குக்கு இடமில்லாமல் போயிற்று. அப்படியும் சண்டை ஓயவில்லை. 1837-இல் ஆக்ஸ்ஃபோர்டுப் பொருளாதார அறிஞர் நாசாவ் சீனியர், 11½ மணி நேர வேலையில் ஆலையின் நிகர லாபம் முழுவதும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் பிறக்கிறது, அதைக் குறைத்தால் தொழிலே அழியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பெண்களுக்கும் இளையோருக்குமான பத்து மணி நேரச் சட்டம் இன்னும் பத்தாண்டு கழித்து 1847-இல் வந்தது. சீனியர் அந்தக் கடைசி மணி நேரத்தைக் காக்க எழுதிக்கொண்டிருந்தபோது, கிளைடு பள்ளத்தாக்கில் ஓர் ஆலை அந்த 11½ மணி நேரத்தைவிடக் குறைவாக, 10¾ மணி நேரத்துக்கு இறங்கி 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. இறங்கிய பிறகும் அதன் கூட்டாளிகளுக்கு வட்டியும் லாபமும் போய்க்கொண்டுதான் இருந்தன.